பின் சீட்டில் வந்தவர்

கலமாட்டாவைத் தாண்டியதும் கடல் வலது பக்கமாக வந்து சேர்ந்துகொண்டது. இனி பெத்ராலி போய்ச் சேரும்வரை அது கூடவே வரும். வருஷா வருஷம் ஆகஸ்டில் சொந்த ஊருக்குப் போகும்போது இந்த வளைவு வந்ததும் ஆர்கிரிஸ் மூன்று தடவை ஹாரன் அடித்து, "வந்துட்டேன்!" என்று கடலைப் பார்த்துக் கத்துவார். மனைவி எவாந்தியா, "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்பாள்.

இன்றைக்கும் ஹாரன் மூன்று தடவை கேட்டது. அடித்தது அவள் தம்பி பாண்டெலிஸ்.

"வந்துட்டேன்!" என்று பின் சீட்டிலிருந்து கத்தினாள் மகள் வூலா. பதினாறு வயது. அவளுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்கு சீட் பெல்ட் மாட்டியிருந்தது. மேலே ஒட்டிய தகட்டில் ஆர்கிரிஸ் என்று பெயர் வெட்டியிருந்தது.

எவாந்தியா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள்.

ஏதென்ஸில் செத்தவருக்கு மண் மூன்று வருஷத்துக்குத்தான். அப்புறம் தோண்டி எடுத்து, எலும்பை ஒயினில் கழுவி, வெயிலில் காயவைத்துக் குடும்பத்தின் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆர்கிரிஸின் மூன்று வருஷம் போன வாரத்தோடு முடிந்தது. லிஃப்ட் ரிப்பேர் செய்கிற மனுஷன், நாற்பத்தொன்பது வயது, தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தவர் திறந்த கதவைப் பிடித்தபடியே உட்கார்ந்தார், அப்படியே உயிர் போய்விட்டது. அன்றைக்கு அவர் அக்கா மரிகோ பெத்ராலியிலிருந்து ஓடிவந்து ஒரே கேள்விதான் கேட்டாள்.

"என் தம்பிய எப்ப ஊருக்குக் கூட்டிட்டுப் போறோம்?"

எவாந்தியா விடவில்லை. பக்கத்தில் இருக்கட்டும் என்றாள். மூன்று வருஷம் கழித்து என் கையால் நானே கொண்டுவந்து தருகிறேன் என்று சவப்பெட்டியின் மேல் கை வைத்துச் சொன்னாள். அதற்குப் பிறகு நாத்தனார் அவளோடு பேசவில்லை. போன் பண்ணினால் வூலாவிடம்தான் பேசுவாள். "உங்கம்மாகிட்ட சொல்லு" என்றுதான் எல்லாம் ஆரம்பிக்கும்.

அந்தச் சத்தியம் இன்றைக்குத்தான் தீர வேண்டும்.

"அக்கா, பசிக்குதா?" என்றான் பாண்டெலிஸ்.

"தெரியலடா."

"பசிக்குதான்னு கேட்டா ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு வரணும். தெரியலன்னு ஒரு பதிலா?"

அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. போன குளிர்காலத்தில் இஸ்திரிப் பெட்டி மணிக்கட்டில் பட்டது. கருகிய வாசனை வந்த பிறகுதான் கையை எடுத்தாள். டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு நரம்பில் ஒரு கோளாறும் இல்லை என்றார். சனிக்கிழமை தவறாமல் கல்லறைக்குப் போனாள், விளக்கு ஏற்றினாள், பளிங்கைத் துடைத்தாள், பஸ் பிடித்துத் திரும்பினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பார்க்கிறவர்கள் தைரியசாலி என்றார்கள். பெத்ராலியில் என்ன சொன்னார்கள் என்பது வேறு விஷயம்.

"மாமா, அத்திப்பழம்! நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று வூலா சீட்டைத் தட்டினாள். அப்பா நிறுத்திய இடத்தில் எல்லாம் நிறுத்தித்தான் போக வேண்டும் என்பது அவள் போட்ட கண்டிஷன்.

கார்தமிலிக்கு மேலே, ரோட்டோரக் குடைக்கு அடியில் அந்தப் பழக்காரி அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வூலாவை அடையாளம் கண்டுகொண்டாள்.

"எங்கடி அந்தக் கஞ்சன்? பேரம் பேசாம அவருக்குப் பழம் இறங்காதே, வரலயா?"

"பின்னாடி இருக்கார்" என்றான் பாண்டெலிஸ்.

அவள் குனிந்து பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள், சீட் பெல்ட்டைப் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கூடை நிறைய அள்ளினாள்.

"இந்தா. இன்னிக்கு அவர் கேட்ட விலைதான்" என்றாள். மூக்கை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

பழக்காரி அழுகிறாள். கஞ்சன் என்று திட்டியவள். எவாந்தியா ஒரு பழத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். இனிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

வூலா ஒரு பழத்தைப் பெட்டியின் மேல் வைத்தாள். "அப்பா, உங்களுக்கு. தோல் உரிக்காம." வளைவுக்கு வளைவு பழம் உருண்டு விழுந்தது. எடுத்து எடுத்து வைத்தபடி வந்தாள்.

*

பகல் பன்னிரண்டுக்கு ஸ்தாத்திஸின் கடை வந்தது. கடை என்றால் திராட்சைப் பந்தலுக்குக் கீழே பத்து மேஜை, ஐந்தடி தள்ளிக் கடல். ஸ்தாத்திஸ் ஆர்கிரிஸோடு பள்ளிக்கூடம் போனவன், பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருந்ததும் அவரோடுதான். ஆளைப் பார்த்தால் பீப்பாய் மாதிரி இருப்பான். கார் நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டான்.

"அறிவு இருக்காய்யா உங்களுக்கு? இந்த வெயில்ல வண்டிக்குள்ளயா வச்சுட்டு வருவாங்க? உள்ள தூக்கு!"

அவனே தூக்கினான். பந்தலுக்குக் கீழே, எப்போதும் ஆர்கிரிஸ் உட்காரும் நாற்காலியில் பெட்டியை வைத்தான். முன்னால் ஒரு தம்ளர் ஒயின் ஊற்றினான். பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"நாளன்னிக்கு மாதா திருநாள். விரதம், கறியும் கிடையாது, பால்கட்டியும் கிடையாது" என்றான். "ஆக்டோபஸ் சுட்டுத் தரேன். அதுக்கு மாதா ஒண்ணும் சொல்ல மாட்டா."

சாப்பிட்டார்கள். வூலா கடலில் குதித்துவிட்டு வருகிறேன் என்று ஓடினாள். பாண்டெலிஸ் பந்தலுக்கு அடியில் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுக் குறட்டை விட்டான். ஸ்தாத்திஸ் எவாந்தியாவுக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவாந்தியா, ஒண்ணு கேப்பேன். தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லுங்க அண்ணா."

"அந்தக் கம்பி உள்ள இருக்கா? தொடையில வச்சாங்களே, அது?"

"இருக்கு. நான்தான் வைக்கச் சொன்னேன்."

"அத எனக்குக் குடுத்துடும்மா." அவன் கை நீட்டிக் கடலோரப் பாறையைக் காட்டினான். "அதோ, அங்கேருந்துதான் குதிச்சான். பத்தொம்பது வயசு. குதிக்கற ஆம்பளையா நீன்னு நான்தான் உசுப்பேத்தினேன். எட்டு மாசம் படுத்துக் கிடந்தான். ஒரு நாள்கூட என்னைக் குத்திக் காட்டல, அந்தப் பாவி. அந்தக் கம்பிய என் படகுல மாட்டி வச்சுக்கறேன்."

"எடுத்துத் தரேன்" என்றாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு சரக்கறைக்குள் போனாள். எண்ணெய் டின்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தாள். தாழ்ப்பாளை நீக்கினாள்.

மூடியைத் திறந்து வெள்ளைத் துணியை விலக்கினாள். முதல் தடவையாக உள்ளே பார்த்தாள்.

ஆமாம், முதல் தடவை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். திங்கட்கிழமை தோண்டியபோது குழிமேட்டில் நின்றவள் சைப்ரஸ் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "மஞ்சளா, சுத்தமா வந்திருக்கார்மா. கால்ல இரும்பு இருக்கு, அதையும் வைக்கவா?" என்று வெட்டியான் கேட்டபோது, "வையுங்க" என்று மரத்திடம் சொன்னாள். தலையைக் கையில் வாங்கி முத்தமிட வேண்டியது மனைவி. "நீங்களே வச்சுடுங்க" என்றுவிட்டாள். இன்று காலை ஏழு மணிக்கு, காய்ந்த எலும்புகள் தட்டுத் தட்டாகத் திண்டின் மேல் இருந்தன. பாண்டெலிஸ் காரைத் திருப்பப் போயிருந்தான். "இதுதானேம்மா உங்களது?" என்றான் வெட்டியான். அவள் வாசல் பக்கம் பார்த்தபடி, "ஆமா" என்றாள்.

அவ்வளவுதான். அந்த ஒரு "ஆமா"தான்.

பெட்டிக்குள் கம்பி இல்லை. இரண்டு தொடை எலும்பும் நேராக, முழுசாக, ஒரு திருகாணித் துளைகூட இல்லாமல் இருந்தன. தலையைக் கையில் எடுத்தாள். ஆர்கிரிஸுக்கு முன் பல் இரண்டுக்கும் நடுவில் சந்து உண்டு. அந்தச் சந்தில் விசில் அடித்தே அவளைத் திரும்பிப் பார்க்கவைத்த மனுஷன். இங்கே பல் வரிசை நெருக்கமாக இருந்தது. இடது பக்கக் கடைவாயில் ஒரு தங்கப்பல்.

பயம்கூட வரவில்லை. தலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெளியே யாரோ தட்டு அடுக்கினார்கள். கடைசியில் வாய்விட்டே கேட்டாள்.

"யாருங்க நீங்க?"

*

வெட்டியானின் நம்பர் போனில் இருந்தது. நாலாவது மணியில் எடுத்தான். வாய் நிறைய எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"அம்மா, சொல்லுங்க."

அவள் சொன்னாள். மெல்லுவது நின்றது.

"ஐயோ மாதாவே" என்றான். "உங்களுக்கு அடுத்தாப்ல வந்தது கித்திராத் தீவுக்காரங்கம்மா. ஒரு அம்மாவும் அவங்க கொழுந்தனாரும். கப்பலுக்கு நேரமாச்சுன்னு இருந்த தட்டைப் பெட்டில கொட்டி வாங்கிட்டு ஓடிட்டாங்க. அப்ப அவங்ககிட்டதான்... ஆமா, இரும்பு! நான் தனியாத் துணியில சுத்தி அந்தத் தட்டுலதான் வச்சேன்."

"நீங்க பாத்துக் குடுக்க வேணாமா?"

"நான் பாக்கணுமா?" அவன் கோபப்படவில்லை. அதுதான் தாங்கமுடியாததாக இருந்திருக்கும், வேறு ஒருத்தியாக இருந்தால். "ஒரு நாளைக்கு நாலு பேரை எடுக்கறேன்மா. எனக்கு எல்லாரும் ஒண்ணுதான். வீட்டு ஆளுங்க பாத்தாத்தான் தெரியும். அதுக்குத்தானே உங்களை நிக்கவைக்கறது? நான் கேட்டேன். நீங்க ஆமான்னு சொன்னீங்க."

"சொன்னேன்" என்றாள் எவாந்தியா. "அவங்க நம்பர் இருக்கா?"

"ஆபீஸ்ல இருக்கும், ஆனா திருநாள் முடிஞ்சுதான் திறப்பாங்க. கேட்டு வாங்கப் பாக்கறேன். உங்க நம்பரை அவங்களுக்குக் குடுத்துடறேன்."

பாண்டெலிஸைத் தட்டி எழுப்பிச் சமையல்கட்டுப் பின்பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான், பிறகு சிரித்ததற்காகத் தன் வாயிலேயே அடித்துக்கொண்டான்.

"சொல்லாதக்கா. யாருகிட்டயும் சொல்லாத. எலும்பு எலும்புதானே? மரிகோ அக்கா அடையாளம் பாத்துட்டா இருக்கப் போறாங்க?"

"மரிகோவுக்கா தெரியாது? அம்மா இல்லாத பிள்ளைன்னு ஆறு வயசுலேருந்து தூக்கி வளத்தவ. அந்தப் பல்லு சந்து வழியாத்தான் சோறு ஊட்டியிருக்கா."

"அப்ப திரும்பிடலாம். வண்டி ரிப்பேர்னு சொல்லிக்கலாம்."

"காலையிலேருந்து வாசல்ல நிக்கறாடா."

"அப்ப என்னதான் பண்றது?"

"தெரியல" என்றாள்.

ஸ்தாத்திஸ் வாசலில் காத்திருந்தான். "அதுல இல்ல அண்ணா" என்று மட்டும் சொன்னாள். அவன் முகம் தொங்கிப்போயிற்று. தூக்கி எறிந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைக் கொண்டுவந்து சீட்டில் வைத்து பெல்ட்டை மாட்டினான். மாட்டி முடித்ததும் பெட்டியை இரண்டு தட்டு தட்டினான், தோளில் தட்டுகிற மாதிரி.

*

மீதி ரோடு முழுக்க வூலாதான் பேசினாள். தலைமுடியிலிருந்து கடல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, பாருங்க, நீங்க தெரியாம ஆட்டுமேல மோதின இடம்... அப்பா, கணக்குல இந்தத் தடவ பாஸ். மாமாகிட்ட கேளுங்க... அப்பா, ஒருத்தன் இருக்கான். பேரு இப்ப சொல்ல மாட்டேன். அம்மா இருக்காங்க."

பாண்டெலிஸ் ஓரக்கண்ணால் அக்காவைப் பார்த்தான். எவாந்தியா கடலைப் பார்த்தாள். இப்போதே சொல்லிவிடலாம். திரும்பி, "வூலா" என்றால் போதும். வாய் திறக்கவில்லை. ஆரெயோபொலி தாண்டியது, மலை மொட்டையானது, கல் வீடுகள் வர ஆரம்பித்தன. மகளின் போன் இரண்டு தடவை அடித்தது.

"அத்தை! இன்னும் அரை மணி. ஆமா, அப்பா நல்லா வரார். அம்மாவா? அம்மா..." வூலா கொஞ்சம் யோசித்தாள். "எப்பவும் போலத்தான் இருக்காங்க."

பெத்ராலியில் மரிகோ வாசலில் இல்லை, ரோட்டிலேயே நின்றாள். ஐம்பத்தெட்டு வயது, தலையிலிருந்து கால்வரை கறுப்பு. முற்றத்தில் மேஜை மேல் வெண்கலப் பாத்திரம், ஒரு குடுவை நிறைய ஒயின், தானே பூவேலை செய்த தலையணை உறை. எலும்பை அதற்குள்தான் வைக்கப் போகிறாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் மரிகோ மாதிரி ஒப்பாரி வைக்க ஆள் கிடையாது. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் கார் வைத்துக் கூட்டிப்போவார்கள். தம்பிக்கு மட்டும் அவள் இதுவரை பாடவில்லை. ஏதென்ஸ் மண்ணில் பாட மாட்டேன் என்று வைராக்கியமாக வந்துவிட்டாள்.

காரின் பின்கதவைத் திறந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

"அண்ணி" என்றாள் எவாந்தியா.

மரிகோ திரும்பவில்லை. "உங்கம்மாகிட்ட சொல்லு, அப்புறம் பேசிக்கலாம்னு."

"அண்ணி, அது அவர் இல்ல."

எவாந்தியா சொல்லிக்கொண்டே போனாள். தட்டு, திண்டு, கித்திராக்காரர்கள், கப்பல், தங்கப்பல். மளிகைச் சாமான் லிஸ்ட் படிக்கிற குரலில் எல்லாவற்றையும் சொன்னாள்.

முதலில் வெடித்தது வூலாதான். "வழியெல்லாம் பேசிட்டு வந்தேனே! எல்லாத்தையும் சொன்னேனே! நான் யார்கிட்டம்மா பேசினேன்?"

அவள் காரிலிருந்து இறங்கி ஓடப் பார்த்தாள். மரிகோ கையைப் பிடித்து நிறுத்தினாள். கண் மட்டும் எவாந்தியா மேல் இருந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நேராகப் பேசினாள்.

"நீ பாக்கலயா?"

"பாக்கல."

"தோண்டறப்ப எங்கடி நின்ன?"

"பக்கத்துலதான் நின்னேன். மரத்தப் பாத்துட்டு நின்னேன்."

"ஏன்?"

எவாந்தியாவிடம் பதில் இருந்தது. சனிக்கிழமை பஸ்களில் உட்கார்ந்து சேர்த்துவைத்த பதில், யாரும் கேட்கவில்லை.

"பாத்தும் எனக்கு ஒண்ணும் ஆகலன்னா என்ன பண்றதுன்னு பயம் அண்ணி. அவர் போன அன்னிக்கும் ஒண்ணும் வரல. தலையைக் கையில வாங்கியும் வரலன்னா, அப்புறம் நான் எதுக்கு அவருக்குப் பொண்டாட்டி?"

மரிகோ அடித்துவிடுவாள் என்று பாண்டெலிஸ் ஒரு அடி முன்னால் வந்தான். அவள் அடிக்கவில்லை. காருக்குள் குனிந்து, பெல்ட்டைக் கழற்றி, பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கினாள்.

"அழாத கல்லுன்னு உன்னை முதல்ல சொன்னது நான்தான்" என்றாள். "ஊரு அப்புறம்தான் சொல்லுச்சு." வூலாவைப் பார்த்தாள். "நீ ஏண்டி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கற? இவரும் யாரோ ஒருத்தர் பெத்த பிள்ளைதான். நீ பேசினதையெல்லாம் கேட்டுட்டுத்தான் வந்திருப்பார். துண்டை எடுத்துட்டு வா."

"இவரையா கழுவப் போறீங்க?" என்றான் பாண்டெலிஸ்.

"வீட்டுக்கு வந்தவரை அப்படியேவா திருப்பி அனுப்புவே? நாளைக்குக் காலையில உங்கக்காவக் கூட்டிட்டுக் கிளம்பு. என் தம்பிய எடுத்துட்டு வாங்க. இந்தத் தடவ கண்ணத் திறந்து பாத்துட்டு எடுத்துட்டு வரச் சொல்லு."

பாத்திரத்தில் ஒயினை ஊற்றினாள். தலையை எடுத்து எவாந்தியாவிடம் நீட்டினாள். எவாந்தியா வாங்கிக்கொண்டாள். இருவருமாகக் கழுவினார்கள். நெற்றி, கண்குழி, தாடை. தங்கப்பல் வெயிலில் மின்னியது. மரிகோ வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள்.

"இவர் பேரென்ன?"

"தெரியல."

"பேர் தெரியாம எப்படிடி பாடறது?"

அப்போது எவாந்தியாவின் கைப்பைக்குள் போன் அடித்தது. வூலா எடுத்து அம்மாவின் காதில் வைத்தாள். அவள் இரண்டு கையும் ஒயினில் இருந்தது.

தெரியாத பெண் குரல். மெதுவாக, யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்கிற மாதிரி பேசியது.

"அம்மா, கித்திராவுலேருந்து பேசறேன். வெட்டியான் நம்பர் குடுத்தான். உங்க வீட்டுக்காரர் தொடையில இரும்பு உண்டா?"

"உண்டு."

"முன் பல்லுல சந்து?"

"உண்டு. விசில் அடிப்பார்" என்றாள். எதற்காக அதைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அவர் இங்கதான் இருக்கார். பத்திரமா இருக்கார். ஆனா..." குரல் இன்னும் தணிந்தது. "என் மாமியாருக்குக் கண்ணு தெரியாதும்மா. நாங்க பாக்கறதுக்குள்ள பெட்டியத் திறந்து, அவரை மடியில எடுத்து வச்சுக்கிட்டாங்க. பிள்ளை வந்துட்டான்னு மூணு மணி நேரமா கொஞ்சிட்டு இருக்காங்க. சொல்ல எங்க யாருக்கும் வாய் வரல. நீங்க வாங்க. வந்து, நீங்களே எப்படியாவது..."

"வரோம்" என்றாள் எவாந்தியா. "உங்க வீட்டுக்காரர் எங்ககிட்டதான் இருக்கார். இப்பதான் குளிக்கறார். அவர் பேர் என்னம்மா?"

அந்தப் பக்கம் ஒரு தேம்பல் கேட்டது. பிறகு பேர் வந்தது.

"நிகிஃபோரோஸ்" என்று நாத்தனாரிடம் சொன்னாள் எவாந்தியா.

மரிகோ கறுப்புத் துணியைத் தலையிலிருந்து தள்ளிவிட்டுக்கொண்டாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"நிகிஃபோரோசு, நிகிஃபோரோசு,
கப்பல் மாறி வந்த ராசா!
பெத்தவ மடி காத்திருக்க
பேர் மறந்து வந்த ராசா!"

அந்தக் குரலுக்குப் பக்கத்து வீட்டுச் சன்னல்கள் திறந்தன. ஒப்பாரியில் ஒருத்தி பாடினால் கடைசி அடியை மற்றவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். முற்றத்தில் வாங்கத் தெரிந்த ஆள் இல்லை. மரிகோ நிறுத்திக் காத்திருந்தாள்.

"பேர் மறந்து வந்த ராசா" என்று ஒரு குரல் வந்தது. கரகரப்பாக, சுருதி இல்லாமல். அது தன்னுடைய குரல் என்பது எவாந்தியாவுக்கு வரி முடிகிறபோதுதான் புரிந்தது. கன்னத்தில் ஈரமாக ஓடியது. ஒயின் தெறித்திருக்கிறது என்று நினைத்துத் தோளில் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது. மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு ஒயின் பட்டு எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

"இன்னும் சத்தமா, எவாந்தியா" என்றாள் மரிகோ. "உன் புருஷன் கித்திராவுல இருக்கான். அவனுக்குக் கேக்க வேணாமா?"